தங்கும் இடத்தில் ஒரு பிளக்



மின்சாரக் கார் வாங்கியவரைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" என்பதுதான். ஷோரூமில் விற்பவர் முதலில் சொல்லும் எண்ணும் அதுவே. நெடுந்தூரம் கிளம்புகிறவருக்கு அந்த எண்ணைப் போல ஏமாற்றம் தருவது வேறில்லை. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்கார் வந்தபோது, அதன் 30.2 யூனிட் பேட்டரிக்குச் சான்றிதழில் இருந்த தூரம் 312 கி.மீ. 2022 மே மாதம் 40.5 யூனிட் பேட்டரியோடு வந்த வண்டிக்கு 437 கி.மீ. அதே வண்டிகளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டு, நான்குவழிச் சாலையில் போனவர்கள் அந்தத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே மகிழ்ந்தார்கள்.

சான்றிதழில் பொய் எதுவும் இல்லை. சோதனைக்கூடத்தில் உருளைகளின்மேல் ஓட்டி எடுத்த கணக்கு அது. அந்த ஓட்டத்தின் பெரும்பகுதி நகரத்தில் நின்று நின்று போகும் வேகத்தில் நடக்கிறது. உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ. தான். உளுந்தூர்பேட்டை பைபாஸில் எதிர்க்காற்றில் போகும் காருக்கும் அந்த அறைக்கும் தொடர்பு குறைவு.

பயணத் திட்டத்துக்கு உதவும் எண் காரின் திரையிலேயே இருக்கிறது: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர். வீட்டு இ.பி. கணக்கில் வரும் அதே யூனிட்தான் பேட்டரியிலும். நடுத்தர அளவுள்ள ஒரு காரை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் யூனிட்டுக்கு 7 கி.மீ. வரை கிடைக்கும். 100 கி.மீ. வேகத்தில் அது ஐந்தரைக்கு இறங்கிவிடும். காரணம் காற்று. வேகம் கூடக் கூடக் காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 80இலிருந்து 100க்குப் போகும்போது வேகம் கூடுவது கால் பங்கு. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றைத் தள்ளச் செலவாகும் மின்சாரமோ பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது.

வேகமாகப் போனால் நேரம் வீணாகும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வழியெங்கும் நல்ல ஃபாஸ்ட் சார்ஜர்கள் இருக்கும் நாட்டில், வேகமாகப் போய் இன்னும் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்கிறவரே முந்துவார். சார்ஜர்கள் அரிதான வழியில் சுருங்குவது எட்டும் தூரம். அடுத்த சார்ஜர் பழுதாகியிருந்தால் அதற்கடுத்ததைத் தொட முடியுமா என்பதை 100இல் போகிறாரா 80இல் போகிறாரா என்பது தீர்மானிக்கிறது.

சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் நான்கு பேர், பெட்டிகள், 40 யூனிட் பேட்டரி. அதில் பயன்படுத்தக்கூடியது 39 என்று வைக்கலாம். மொத்தத் தூரம் 530 கி.மீ. அளவில். மணிக்கு 85 கி.மீ. வேகம், யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. முழு சார்ஜோடு விடியற்காலையில் கிளம்புகிறார்கள்.

உளுந்தூர்பேட்டை ஏறக்குறைய 200 கி.மீ. அங்கே போய்ச் சேரும்போது 31 யூனிட் தீர்ந்து 8 யூனிட் மிஞ்சும். அந்த 8 யூனிட்டில் 50 கி.மீ. போகலாம், பெரம்பலூர் அதைவிடத் தொலைவில் இருக்கிறது. ஆகவே உளுந்தூர்பேட்டையில் தேர்ந்தெடுத்த சார்ஜர் வேலை செய்யாவிட்டால் முன்னே போக வழியில்லை. இதை உளுந்தூர்பேட்டையில் போய்த் தெரிந்துகொள்வதில் பயன் இல்லை. விழுப்புரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். விழுப்புரத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி, செயலியில் அந்த சார்ஜரின் நிலையைப் பார்க்கலாம். அது இருக்கும் ஹோட்டலுக்குப் போன் போட்டு "இப்போ யாராவது சார்ஜ் போட்டுட்டு இருக்காங்களா?" என்று கேட்டுவிடுவது அதைவிட நல்லது. பதிலில் சந்தேகம் இருந்தால் விழுப்புரத்திலேயே அரை மணி நேரம் போட்டுக்கொண்டு கிளம்பலாம். அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். நிறுத்த வேண்டிய இடத்தைப் போலவே முடிவெடுக்க வேண்டிய இடத்தையும் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவைக்கிறார்கள்.

உளுந்தூர்பேட்டையில் காலைச் சாப்பாடு. 30 கிலோவாட் சார்ஜர் என்றால் 80 சதவீதம் வரை ஏற 50 நிமிடம் போல ஆகும். அதற்குமேல் காத்திருப்பது வீண். லித்தியம் பேட்டரி நிரம்ப நிரம்ப, அதற்குள் போகும் மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் செல்களுக்குக் கேடு. கார் தானாகவே குறைத்துக்கொள்கிறது. சில வண்டிகளில் கடைசி 20 சதவீதத்துக்கு ஆகும் நேரத்தில் இன்னொரு ஊருக்கே போய்விடலாம். வழியில் அடுத்த சார்ஜர் இருக்கும்வரை 80இல் கழற்றிவிடுவது நல்லது. அங்கிருந்து திருச்சி 130 கி.மீ.; போய்ச் சேரும்போது 11 யூனிட் இருக்கும்.

கணக்கு தடம் புரளுவது திருச்சியில்தான். அங்கிருந்து கொடைக்கானல் 200 கி.மீ. சொச்சம். பேட்டரியை முழுக்க நிரப்பினால் 39 யூனிட், ஆறரையால் பெருக்கினால் 250 கி.மீ. 50 கி.மீ. மிச்சம் இருக்கிறதே, நேரே போய்விடலாம் என்று தோன்றும். வத்தலக்குண்டு வரையுள்ள 135 கி.மீ.க்கு 21 யூனிட் போய்விடும், கையில் 18. மீதி 65 கி.மீ. மலைப்பாதை.

நான்கு பேரும் பெட்டிகளும் சேர்ந்தால் காரின் எடை 1,750 கிலோ என்று வைக்கலாம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் எட்டரை யூனிட் வேண்டும். இது பள்ளிக்கூடத்து இயற்பியல். எந்த கம்பெனி கார் என்றாலும் இதிலிருந்து தப்ப முடியாது. மோட்டாரிலும் கியரிலும் வீணாவதைச் சேர்த்தால் 10. சக்கரம் உருளுவதற்கும், ஏ.சி.க்கும், காற்றுக்கும் இன்னொரு 7. ஆக 17 யூனிட். கையில் இருந்தது 18. விடுமுறைக் கூட்டத்தில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் ஒரு மணி நேரம் வண்டி நகராமல் நின்றால் அந்த ஒரு யூனிட்டும் ஏ.சி.யிலேயே கரைந்துவிடும்.

அதனால் திண்டுக்கல்லில் ஒருமுறை நிறுத்தியே ஆக வேண்டும். திருச்சியில் 80 வரை, திண்டுக்கல்லில் மறுபடி 80 வரை என்று பிரித்துக்கொண்டால் மலைமேல் 9 யூனிட் மிச்சத்தோடு போய்ச் சேரலாம். தூரத்தை மட்டும் காட்டும் வரைபடத்தைப் பார்த்து மலைப்பயணம் திட்டமிடுகிறவர் உயரத்தைச் சேர்க்க மறந்துவிடுகிறார். ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் ஊட்டிக்கும் இதே கணக்குதான்: ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் இந்த அளவு காருக்கு ஐந்தரை யூனிட்டைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். மேடு பள்ளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும் 'எ பெட்டர் ரூட் பிளானர்' போன்ற செயலிகளும் இருக்கின்றன.

ஏறும்போது கொடுத்ததில் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைக்கும். மோட்டாரே அப்போது ஜெனரேட்டராக மாறி, ஐந்து ஆறு யூனிட்டைப் பேட்டரிக்குள் திருப்பி அனுப்புகிறது. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை 65 கி.மீ. இறங்கி வந்தவர் ஒன்றிரண்டு யூனிட் மட்டுமே செலவாகியிருப்பதைக் காண்பார். இங்கே ஒரு எச்சரிக்கை. மலைமேல் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கக்கூடாது. நிரம்பிய பேட்டரிக்குள் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இல்லை. மோட்டார் தரும் அந்தப் பிடிமானம் கிடைக்காமல் போனால் கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் மேல் விழும்; பிரேக் சூடாகும். 85 சதவீதத்தோடு இறங்குவது செலவுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

ஃபாஸ்ட் சார்ஜர்களைப் பற்றி இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் செயலி, தனிக் கணக்கு. செயலியைப் பதிவிறக்கிப் பணம் போட்டுவைப்பதை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும், மலையடிவாரத்தில் சிக்னலைத் தேடிக்கொண்டு செய்யக்கூடாது. 60 கிலோவாட் என்று பலகையில் இருக்கும் சார்ஜரில் இரண்டு கார்கள் சேர்ந்து நின்றால் பல இடங்களில் அது 30, 30 ஆகப் பிரிந்துவிடும். தொடக்க காலத்தில் நிறுவிய சில சார்ஜர்களில் 15 கிலோவாட் பழைய வகை பிளக் இருக்கும். இன்றைய கார்களுக்கு அது பொருந்தாது. பவர் கட் ஆனால் எல்லா இடத்திலும் ஜெனரேட்டர் எடுத்துக்கொடுக்காது. சித்திரை வெயிலில் மூன்றாவது தடவையாக வேகமாக ஏற்றும்போது பேட்டரி சூடாகி, ஏறும் வேகம் குறையலாம். பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லாத நிசான் லீஃப் காரில் 2018இல் இந்தக் குறை உலகறியப் பேசப்பட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஃபாஸ்ட் சார்ஜர் எங்கே இருக்கிறது என்பதை நெடும்பயணத் திட்டத்தின் முதல் கேள்வியாக வைப்பது சரியில்லை. இரவு எங்கே தங்குவது, அங்கே ஒரு 16 ஆம்பியர் பிளக் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. இன்றைய பேச்சின் உயிர்நாடி அது.

காரோடு வரும் சிறிய சார்ஜரை வீட்டு ஏ.சி.க்கோ கெய்சருக்கோ போடும் பெரிய பிளக்கில் சொருகினால் மணிக்கு 3.3 யூனிட் இழுக்கும். மெதுவானதுதான். ஆனால் இரவு 8 மணிக்குப் போட்டுக் காலை 6 மணிக்குக் கழற்றினால் சுவரிலிருந்து 33 யூனிட் வந்திருக்கும். வழியில் வீணாவது போகப் பேட்டரிக்குள் 28 அல்லது 29. நெடுஞ்சாலையில் எந்த நிறுத்தத்திலும் அந்தக் குடும்பம் இவ்வளவு ஏற்றவில்லை. சமவெளியில் அது 180 கி.மீ.க்கு மேல். வரிசையில் நிற்க வேண்டாம், செயலி வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். எல்லாரும் தூங்கும்போது வேலை முடிந்துவிடுகிறது. மலையூரில் இருக்கும் ஒன்றிரண்டு ஃபாஸ்ட் சார்ஜர்களுக்கு மே மாதத்தில் எத்தனை கார் காத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இதை முன்பே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தெற்கே நல்லர்பார் என்ற மரமற்ற பெருவெளி. மேற்கில் நார்ஸ்மன், கிழக்கில் செடுனா. இடையில் ஏறக்குறைய 1,200 கி.மீ. ஏர் நெடுஞ்சாலை. அதில் பல்லடோனியாவுக்கும் கெய்குனாவுக்கும் நடுவே 146 கி.மீ. தூரம் சாலை ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகிறது. மின்வாரியக் கம்பி அங்கே போகவில்லை. வழியில் இருப்பவை பெட்ரோலும் சாப்பாடும் படுக்கையும் தரும் சில விடுதிகள் மட்டும்; அவை டீசல் ஜெனரேட்டரில் நடப்பவை. அரசோ பெரிய நிறுவனமோ சார்ஜர் வைக்க வரும் முன்பே, அந்நாட்டு மின்வாகனச் சங்கமும் டெஸ்லா உரிமையாளர் சங்கமும் ஓர் ஏற்பாடு செய்தன. நாட்டைச் சுற்றிவரும் நெடுஞ்சாலையில் உள்ள விடுதிகளிலும் கேரவன் பூங்காக்களிலும், ஆலைகளில் இருக்கும் சாதாரண 32 ஆம்பியர் த்ரீ பேஸ் சாக்கெட்டை நிறுவவைத்தன. கேபிள் அவரவர் காரில் வரும். கெடுவதற்குத் திரையும் இல்லை, மென்பொருளும் இல்லை. 2018இல் மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 70 வயதுப் பெண்மணி ஒருவர் இப்படிப்பட்ட சாக்கெட்டுகளையும் நம்பி நாட்டையே காரில் சுற்றிவந்தார், 20,000 கி.மீ.க்கு மேல்.

கெய்குனா விடுதிக்கு ஃபாஸ்ட் சார்ஜர் வந்தது 2022 ஜனவரியில். ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் கட்டிய அந்த 50 கிலோவாட் சார்ஜருக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர், விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்கு பொரித்து மிஞ்சிய எண்ணெயில் ஓடுகிறது. மாநில அரசும் முனைந்தது. வடக்கே குனுனுராவிலிருந்து தெற்கே எஸ்பெரன்ஸ் வரையும் கிழக்கே இந்தப் பெருவெளியிலுமாக 49 இடங்களில் மேற்கு ஆஸ்திரேலிய அரசு சார்ஜர்கள் அமைத்திருக்கிறது. வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் விடுதிகளில் சாக்கெட். அதைக் கண்டு கார்கள் வந்தன. கார்களைக் கண்டு சார்ஜர்கள் வந்தன.

நெதர்லாந்தைச் சேர்ந்த வீபே வாக்கரின் பயணம் இன்னும் துணிச்சலானது. பெட்ரோல் வண்டியாகப் பிறந்து மின்காராக மாற்றப்பட்ட ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப். ஒரு சார்ஜுக்கு 200 கி.மீ. அதில் 2016 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பி, இந்தியா உட்பட 33 நாடுகளைக் கடந்து, 95,000 கி.மீ. ஓட்டி, 2019 ஏப்ரலில் சிட்னி போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் சாப்பாடும் படுக்கையும் ஒரு பிளக்கும் தந்தவர்கள் முன்பின் தெரியாத மனிதர்கள். விருந்தோம்பலில் பேர்போன நாட்டில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நம்மூர் லாட்ஜில் பிளக் கேட்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதும் ஒரு கலைதான். "சார்ஜிங் வசதி இருக்கா?" என்று கேட்டால் செல்போனுக்கு என்று நினைத்து, இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஏ.சி. பிளக் பாயிண்ட் உண்டா, கேபிள் எட்டுமா, அதற்குத் தனி எம்.சி.பி. இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று கேட்டால் மேலாளர் விழிப்பார். எலக்ட்ரீஷியனிடம் கேட்கச் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் கம்பியே இருக்காது. எர்த் இல்லாவிட்டால் காரின் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அது வீம்புக்கு அல்ல, ஷாக் அடிக்காமல் காப்பதற்கு. அதை ஏமாற்றி ஓடவைக்கும் குறுக்குவழிகளைச் சொல்லித்தருகிறவர்கள் உண்டு. யாரும் அந்தப் பக்கமே போகக்கூடாது.

மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படியே. மிக்சியும் அயர்ன் பாக்ஸும் சில நிமிடங்கள் ஓடி நிற்பவை. கார் 15 ஆம்பியரைப் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கிறது. பிளக் தளர்வாக இருந்தால் இளகி உருகிவிடும். போட்டு அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிட வேண்டும். பல கார்களில் திரையிலேயே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 10 ஆம்பியரில் விட்டாலும் காலைக்குள் 20 யூனிட் ஏறிவிடும். எடுத்த மின்சாரத்துக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும், அறை வாடகைக்குள் அடங்கும் என்று நினைக்கக்கூடாது. முதல் கார்க்காரர் சத்தம் போடாமல் போய்விட்டால், அடுத்து வருகிறவருக்கு அந்த லாட்ஜில் பிளக் கிடைக்காது.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்தே போக வேண்டியிருக்கிறது. தேதி எப்படியும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. அன்றைக்கே அறையையும் பிளக்கையும் சேர்த்தே உறுதி செய்துவிடலாம்.

மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்கள் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையம், 100 கி.மீ.க்கு ஒரு பெரிய ஃபாஸ்ட் சார்ஜர் என்று இலக்கு வைத்தன. பொது சார்ஜிங் நிலையம் வைக்க உரிமம் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டன. தமிழ்நாடு 2019இல் மின்வாகனக் கொள்கை கொண்டுவந்து 2023இல் திருத்தியது. சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை ஆகிய ஆறு நகரங்களை முன்னோடிகளாகத் தேர்ந்தெடுத்தது. நல்ல வேலை. ஆனால் இவை எல்லாம் சாலையையும் பெருநகரத்தையும் பார்க்கின்றன. பயணம் போய் முடியும் ஊர்களான கொடைக்கானல், வால்பாறை, ராமேஸ்வரம், ஏற்காடு ஆகியவற்றில் இரவு தூங்கும் கார்களைப் பற்றிய நினைவு போதாது.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குக் கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று பல ஊர்களில் விடுதிகள் இருக்கின்றன. தொடக்கத்தை அங்கே வைக்கலாம். ஒவ்வொரு விடுதியின் கார் நிறுத்துமிடத்திலும் மழை படாமல் மூடி போட்ட நான்கு 16 ஆம்பியர் சாக்கெட்டுகள், நல்ல எர்த், கசிவு வந்தால் துண்டிக்கும் கருவி, சாக்கெட்டுக்கு ஒரு சப் மீட்டர். நான்கும் ஒன்றாக ஓடினாலும் மொத்தச் சுமை 13 கிலோவாட். நடுநிசியில் கெய்சர்கள் ஓடாத நேரத்தில் பல விடுதிகளின் இப்போதைய இணைப்பே அதைத் தாங்கும். ஒரே ஒரு 60 கிலோவாட் சார்ஜர் வைப்பதென்றால் இணைப்பைப் பெரிதாக்க வேண்டும், பல ஊர்களில் டிரான்ஸ்பார்மரையே மாற்ற வேண்டும். இந்த நான்கு சாக்கெட்டுகளை அந்த ஊர் எலக்ட்ரீஷியனே போட்டுவிடுவார். விடுதியின் இணையப் பக்கத்தில் அறைகளின் பட்டியலுக்குக் கீழே கார் பிளக் உண்டு என்று ஒரு வரி சேர்த்து, அறையோடு அதையும் முன்பதிவு செய்ய வழி வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலையும் போட்டுவிட்டால், அடுத்த கோடை விடுமுறைக்கே குடும்பங்கள் அதை நம்பிக் கிளம்பும்.